சென்னையிலிருந்து சிங்கப்பூர்: 8,500 டாலர் சம்பளத்தில் மூன்று பேர் குடும்பம் கட்டுப்படியாகுமா?

மாம்பலம்_கொசு:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 34. சென்னையில் மென்பொருள் சோதனை வேலை. பிடித்தமெல்லாம் போகக் கைக்கு மாதம் 1.35 லட்சம் வருகிறது. மனைவிக்குத் தனியார் வங்கியில் 75,000. மகளுக்கு நாலு வயது. சிங்கப்பூரில் ஒரு நிறுவனம் கூப்பிட்டிருக்கிறது. முதலில் மாதம் 7,500 சிங்கப்பூர் டாலர் என்றார்கள். அப்புறம், என் வயதுக்கு அந்தச் சம்பளத்தில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதி கிடைக்காது என்று அவர்களே 8,500 ஆக்கிவிட்டார்கள். ஒரு டாலருக்கு 65 ரூபாய் என்று வைத்துப் பெருக்கினால் ஐந்தரை லட்சம்! அப்பா அன்றைக்கே சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

ஆனால் இணையத்தில் தேடினால் ‘உலகிலேயே செலவு மிகுந்த நகரம் சிங்கப்பூர்’ என்று வருகிறது. இரண்டு நகரங்களை ஒப்பிடும் கணிப்பான்களில் போட்டுப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கதை சொல்கிறது. அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள், வரலாமா?

கோப்பி_ஓ:

முதலில் ஒன்று, இங்கே டாலர் என்று சொன்னால் வங்கிக்காரர்கூடத் திரும்பிப் பார்ப்பார். தமிழில் வெள்ளி, காசு. பழகிக்கொள்ளுங்கள்.

அந்த ‘செலவு மிகுந்த நகரம்’ பட்டியலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எக்கனாமிஸ்ட் இன்டலிஜென்ஸ் யூனிட் ஆண்டுதோறும் வெளியிடுவது அது. 2023 இல் சிங்கப்பூரும் சூரிச்சும் சேர்ந்து முதலிடம். மெர்சர் நிறுவனத்தின் 2024 பட்டியலில் ஹாங்காங்குக்கு அடுத்து நாங்கள். இதெல்லாம் பெரிய நிறுவனங்கள் தங்கள் அதிகாரிகளை நாடு விட்டு நாடு அனுப்பும்போது எவ்வளவு படி கொடுப்பது என்று கணக்குப் போட உதவுகிற அட்டவணை. எக்கனாமிஸ்ட்காரர்கள் நியூயார்க்கை நூறு என்று வைத்துக்கொண்டு மற்ற ஊர்களை அளப்பார்கள். அந்தக் கூடையில் காரும் மதுவும் சிகரெட்டும் உண்டு. இங்கே கார் வாங்க வேண்டுமென்றால் காருக்கு முன்னால் பத்தாண்டு உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கு அந்தத் தாள் மட்டுமே 150,001 வெள்ளிக்குப் போனது. கார் இல்லாமலேதான்! பட்டியலில் மேலே ஏறாமல் என்ன செய்யும்?

நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன், கார் கிடையாது. என் புளோக்கின் கீழே கோப்பிக்கடையில் காலையில் இரண்டு பரோட்டா, ஒரு கோப்பி, ஐந்து வெள்ளிக்குள் முடிந்துவிடும். எந்தச் சிங்கப்பூருக்கு வருகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

யீஷூன்_அண்ணாச்சி:

கொசுத் தம்பி, பெருக்கல் கணக்கை முதலில் கீழே வை. வெள்ளியில் சம்பாதித்து ரூபாயில் செலவு செய்கிறவனுக்குத்தான் அது பொருந்தும். நீ குடும்பத்தோடு வருகிறாய், செலவும் வெள்ளியில்தான்.

நான் வந்து பதினாலு வருடம். யார் கேட்டாலும் ஒரு தாளை எடுத்து ஒரே மாதிரிதான் கணக்குப் போட்டுக் கொடுப்பேன். நீயும் எழுதிக்கொள்.

எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவருக்கு மத்திய சேம நிதி பிடித்தம் கிடையாது. ஆக 8,500 முழுசாகக் கணக்கில் விழும். விழுந்ததைப் பார்த்து மயங்காதே. வருமான வரியை இங்கே மாதாமாதம் பிடிக்க மாட்டார்கள், அடுத்த வருடம் மொத்தமாகச் சீட்டு வரும். உன் ஆண்டுச் சம்பளம் 102,000. மனைவி, பிள்ளைக்கான கழிவுகள் போக ஐயாயிரம் வெள்ளி சொச்சம் கட்ட வேண்டி வரும். அதை வட்டியில்லாமல் பன்னிரண்டு தவணையாக வங்கியிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். இருந்தாலும் முதல் சம்பளத்திலிருந்தே மாதம் 420 ஒதுக்கி வை. நான் முதல் வருடம் ஒதுக்கவில்லை. சீட்டு வந்த அன்று ஊருக்குப் போக எடுத்து வைத்திருந்த பயணச்சீட்டை ரத்து செய்தேன்.

அடுத்து வீடு. வடக்கே யீஷூன், செம்பவாங், உட்லண்ட்ஸ் பக்கம் மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு 2,800 என்று வைத்துக்கொள். இங்கே மூவறை என்றால் ஹாலையும் சேர்த்து எண்ணுவது. சென்னைக் கணக்கில் அது இரண்டு படுக்கையறை வீடு. முகவர் ‘மூவறை’ என்றதும் அம்மா அப்பாவுக்கு ஓர் அறை இருக்கிறது என்று நினைத்துவிடாதே. மின்சாரம், தண்ணீர், எரிவாயு 160. இணையமும் இரண்டு கைப்பேசியும் 80. வீட்டுச் சமையலுக்கு மளிகை, காய், மீன் 750. வெளியே சாப்பிட 300, அதுவும் கோப்பிக்கடையில்தான். ரயில், பேருந்து 220. பாப்பாவுக்குப் பாலர் பள்ளி 1,200, அரசாங்கச் சலுகைக் கட்டணம் குடிமக்கள் பிள்ளைகளுக்குத்தான். மருத்துவம், காப்பீடு 200. வருடம் ஒருமுறை ஊருக்குப் போக மாதம் 250. துணிமணி, கல்யாண மொய், உடைந்தது கிழிந்தது 300.

வரியையும் சேர்த்துக் கூட்டினால் 6,680. மிச்சம் 1,820 வெள்ளி. இப்போது அதை 65 ஆல் பெருக்கு. ஏறத்தாழ 1.18 லட்சம் ரூபாய்.

சரி, சென்னையில் இரண்டு பேர் சம்பளத்தில் எவ்வளவு மிஞ்சுகிறது? உண்மையான எண்ணைச் சொல். வீட்டம்மாவிடம் கேட்டுச் சொல், உனக்குத் தெரிந்திருக்காது.

மாம்பலம்_கொசு:

கேட்டேன் அண்ணாச்சி. வாடகை, பள்ளி, வேலைக்கார அம்மா, பெட்ரோல், அப்பா மருந்து எல்லாம் சேர்த்து 1.05 லட்சம் செலவாம். இரண்டு சம்பளம் 2.10. ஆக 1.05 மிஞ்சுகிறது.

அப்படியானால் வித்தியாசம் பதின்மூவாயிரம் ரூபாயா? கூட்டலில் எங்கேயாவது தப்பு இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன்.

யீஷூன்_அண்ணாச்சி:

கூட்டல் சரிதான். அதிலும் நீ சேம நிதியைச் சேர்க்கவில்லை. அங்கே உங்கள் இருவருக்கும் முதலாளி போடும் பங்கும் இருக்கிறது, இங்கே உனக்கு அது பூஜ்யம். அதையும் தராசில் போட்டால் சென்னைப் பக்கம்தான் தாழும்.

கணக்குப்புலி_87:

சும்மா பயமுறுத்தாதீர்கள் சார். நான் ஐந்து வருடம் பூன் லேயில் இருந்தேன். அறை வாடகை 900, மொத்தச் செலவு 1,800ஐத் தாண்டியதில்லை. ஊரில் இரண்டு மாடி வீடு கட்டினேன். சிக்கனமாக இருந்தால் எந்தச் சம்பளத்திலும் சேர்க்கலாம். வெளியே சாப்பாட்டுக்கு எதற்கு முந்நூறு வெள்ளி?

கோப்பி_ஓ:

புலி அண்ணே, நீங்கள் அப்போது தனி ஆள். அவருக்கு நாலு வயதுப் பிள்ளை இருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) எங்களுக்குக் கிடைக்கும் மானியம் அவருக்குக் கிடைக்காது.

வெளியே சாப்பாடு பற்றிக் கேட்டதால் ஒன்று. குளிர்சாதன உணவகத்துப் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கும். முதல் குறி பத்து விழுக்காடு சேவைக் கட்டணம், அடுத்தது அதன்மேல் பொருள் சேவை வரி. 2022 வரை 7 விழுக்காடு, 2023 இல் 8, 2024 ஜனவரியிலிருந்து 9. நூறு வெள்ளிக்குச் சாப்பிட்டால் 119 வெள்ளி 90 காசு. உணவங்காடியில் இந்தக் கூட்டல் குறி கிடையாது, பலகையில் போட்ட விலைதான்.

சமையற்கட்டு:

நான் வழக்கமாக இங்கே எழுதுவதில்லை, படிப்பதோடு சரி. இந்த இழையில் எல்லோரும் வாடகையையும் பரோட்டாவையும் பேசுகிறீர்கள். கொசு சார் கணக்கில் பெரிய செலவு வாடகை 2,800 இல்லை. அவர் மனைவியின் 75,000. எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் அதற்கு ஒரு வரி கிடையாது.

கணவரின் பாஸை வைத்துத் துணைவருக்கு எடுப்பது டிபெண்டன்ட்ஸ் பாஸ். கணவருக்கு மாதம் 6,000 வெள்ளியாவது இருக்க வேண்டும், கொசு சாருக்கு இருக்கிறது. ஆனால் 2021 மே 1 முதல் அந்தப் பாஸை வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாது. முன்பு ஒப்புதல் கடிதம் ஒன்று வாங்கினால் போதும். இப்போது வேலை கொடுப்பவர் நமக்கென்று தனி வேலை அனுமதி வாங்க வேண்டும். நாமும் அந்த அனுமதிக்கான தகுதியை எட்ட வேண்டும். ‘வீட்டிலேயே பிள்ளைகளுக்கு டியூஷன் எடுங்களேன்’ என்று வந்த புதிதில் எனக்கு யோசனை சொன்னவர்கள் நிறைய. அனுமதி இல்லாமல் அதைச் செய்தாலும் குற்றம்தான், சொன்ன யாருக்கும் அது தெரியவில்லை.

நான் திருச்சியில் பதினொரு வருடம் கணக்கு டீச்சர். இங்கே வந்து மூன்று வருடம் ஆகிறது. என் கணவர் நல்லவர், பணத்துக்குக் குறை வைத்ததில்லை. அவர் கணக்கிலேயே எனக்கும் ஓர் அட்டை எடுத்துக் கொடுத்தார். முதல் வாரம் ஷெங் சியோங் பேரங்காடியில் கறிவேப்பிலையும் இஞ்சியும் வாங்கி அட்டையைத் தட்டினேன். சாயங்காலம் வந்தவர் சிரித்துக்கொண்டே, ‘ரெண்டு வெள்ளி நாப்பது காசுக்கு என்ன வாங்கினே?’ என்றார். நான் தட்டுவதெல்லாம் அவர் கைப்பேசியில் செய்தியாக விழுகிறது. அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். அதற்கப்புறம் கறிவேப்பிலைக்கு நான் காசுதான் கொடுக்கிறேன்.

வீடு தேடினபோது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். போன் எடுத்ததும் முகவர்கள் கேட்கும் முதல் கேள்வி எந்த நாடு என்பது. இரண்டாவது, தினமும் சமைப்பீர்களா என்பது. ஒருவர், ‘சமையல் என்றால் கறி வாசம் வருமா?’ என்று கேட்டார். வரும் என்றேன். வைத்துவிட்டார். அறை மட்டும் வாடகைக்கு எடுத்தால் ‘லேசான சமையல்’ என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவார்கள். தாளித்தால் அது லேசு இல்லை.

மாம்பலம்_கொசு:

அக்கா, உங்கள் பதிவை மனைவிக்குக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், ‘அந்தக் கறிவேப்பிலை அக்காவிடம் கேள், பள்ளிக்கூடம் எப்படி’ என்றாள்.

சமையற்கட்டு:

பாப்பாவுக்கு ஏழு வயதாகும் வருடத்தில் தொடக்கநிலை ஒன்று. உள்ளூர்ப் பள்ளிகளில் குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லோருக்கும் கொடுத்த பிறகு கடைசிக் கட்டத்தில்தான் நம் பிள்ளைகளுக்கு இடம். கிடைக்கும் என்று உறுதி இல்லை. அதற்கு மேல் வகுப்பு என்றால் நுழைவுத் தேர்வு எழுதி வர வேண்டும். கட்டணமும் குடிமக்கள் கட்டுவதைவிடப் பல மடங்கு, வருடாவருடம் ஏற்றுகிறார்கள். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் இருக்கின்றன, அங்கே செலவு இன்னும் கூடுதல். ஆனால் உள்ளூர்ப் பள்ளியில் இடம் கிடைத்தால் தாய்மொழிப் பாடமாகத் தமிழ் சொல்லித் தருவார்கள். என் பெரியவன் திருச்சியில் இருந்தபோது எழுதியதைவிட இங்கே நன்றாகத் தமிழ் எழுதுகிறான், அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது.

பாலைவன_ஒட்டகம்:

நடுவில் நுழைகிறேன். நான் துபாயில் ஆறு வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவன். அங்கே சம்பளத்துக்கு வருமான வரி இல்லை, மதிப்புக் கூட்டு வரி 5 விழுக்காடுதான். உடனே ‘அப்போ துபாய்தான்’ என்று கிளம்பிவிடாதீர்கள். வாடகையை அங்கே பெரும்பாலும் மாதாமாதம் கொடுப்பதில்லை. வருட வாடகையை ஒன்று, இரண்டு, நாலு காசோலையாக முன்தேதி போட்டுக் கொடுக்க வேண்டும். முதல் காசோலைக்கே கடன் வாங்கினேன். போதாதென்று வருட வாடகையில் 5 விழுக்காட்டை நகராட்சிக் கட்டணமாக மின்சாரச் சீட்டில் பிரித்துச் சேர்ப்பார்கள். பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிதான்.

ஆனால் சமையற்கட்டு அக்கா சொன்ன விஷயத்தில் துபாய் தேவலை. என் மனைவி என் விசாவில் இருந்துகொண்டே, வேலை கொடுத்தவர் எடுத்த தொழில் அனுமதியில் ஒரு கிளினிக்கில் வேலை பார்த்தார். எங்கள் கையில் பணம் தங்கியது அதனால்தான். இங்கே சம்பளம் கூடுதல், மிச்சம் குறைவு.

துவாஸ்_வெல்டர்:

அண்ணன்களுக்கு வணக்கம். நான் வொர்க் பெர்மிட், தொழிலாளர்களுக்கான அனுமதி. குடும்பத்தைக் கூட்டிவர எங்களுக்கு அனுமதியே இல்லை, அதனால் அண்ணாச்சி சொன்ன பெருக்கல் கணக்கு எனக்குத்தான் பொருந்தும். வெள்ளியில் சம்பாத்தியம், ரூபாயில் செலவு.

ஓவர்டைம் சேர்த்து 1,100 வரும். தங்குமிடம் கம்பெனி கொடுக்கிறது. மூணு வேளைச் சாப்பாடு கேட்டரிங் மாதம் 160. போன் 15. முடி வெட்ட, சோப்பு, ஞாயிற்றுக்கிழமை தேக்கா (லிட்டில் இந்தியா) போக வர எல்லாம் சேர்த்து நூறு. வீட்டுக்கு 800 அனுப்புகிறேன். கேட்க நன்றாக இருக்கும். வருவதற்கு ஊர் ஏஜென்டுக்குக் கொடுத்த பணத்துக்கு வட்டி கட்டி முடிக்கவே பதினாலு மாதம் ஆனது. இந்த ஊர்ச் சட்டப்படி இங்குள்ள முகவர் ஒரு வருட ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் வாங்கலாமாம். அது எனக்கு இங்கே வந்து ஒரு வருடம் கழித்துத்தான் தெரியும். அந்தச் சட்டம் ஊரில் இருக்கும் ஏஜென்ட்டைத் தொடாது, அது வேறு விஷயம்.

சாப்பாடு 160 என்றேனே, அது ராத்திரி சமைத்துக் கட்டி விடிவதற்குள் வந்துவிடும். பகல் பன்னிரண்டு மணிக்கு வெயிலில் பொட்டலத்தைப் பிரித்தால் சாம்பாரில் நுரை நிற்கும். அன்றைக்கு நாலு வெள்ளி கொடுத்து வெளியே வாங்குவோம். கணக்குப்புலி அண்ணன் சொன்ன சிக்கனத்தை நானும் செய்கிறேன். ஆனால் செய்து பார்க்காதவர்களுக்கு அதைச் சுலபமாகச் சொல்லாதீர்கள்.

கணக்குப்புலி_87:

தம்பி, உன்னைச் சொல்லவில்லை. நான் எழுதியது கொஞ்சம் அவசரம்தான்.

யீஷூன்_அண்ணாச்சி:

சரி, கொசுத் தம்பிக்கு வருவோம். எல்லோரும் மாதச் செலவையே பேசுகிறோம், முதல் மாதத்தை மறந்துவிட்டோம்.

இரண்டு வருட ஒப்பந்தம் என்றால் முன்பணம் வழக்கமாக இரண்டு மாத வாடகை, 5,600. முதல் மாத வாடகை 2,800. முத்திரை வரி மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, அதை வாடகைக்கு வருகிறவர்தான் கட்ட வேண்டும்: ஏறத்தாழ 269 வெள்ளி. முகவர் கட்டணம் ஒரு 1,400. முதல் சம்பளம் பார்ப்பதற்கு முன்பே பத்தாயிரம் வெள்ளி போய்விட்டது. இன்னும் பாய் வாங்கவில்லை.

வாடகை ஒப்பந்தத்தில், வேலை போனால் வெளியேறும் விதி இருக்கிறதா என்று பார். ஒரு வருடம் ஆனபின், வேலை போய் நாட்டைவிட்டுக் கிளம்ப நேர்ந்தால் இரண்டு மாத முன்னறிவிப்பு கொடுத்து ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்று இருக்கும். அது இல்லாமல் கையெழுத்துப் போடாதே. முகவர் பெயரைப் பொதுப் பதிவேட்டில் தேடிப் பார். வீட்டைக் கண்ணால் பார்க்காமல் ஒரு காசு அனுப்பாதே. அழகான படம், குறைந்த வாடகை, ‘நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்’ என்றால் அவன் திருடன். வீவக வீட்டுக்கு ஆறு மாதத்துக்குக் குறைந்து ஒப்பந்தம் போட முடியாது. ‘மூணு மாசத்துக்குத் தர்றேன்’ என்று யாராவது சொன்னால் அவர் கழகத்துக்குச் சொல்லாமல் விடுகிறார், மாட்டினால் நீயும் மாட்டுவாய்.

இன்னொன்று. எம்ப்ளாய்மென்ட் பாஸ்காரருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. நடுத்தரத் திறன் வேலைக்கான எஸ் பாஸுக்கும் வொர்க் பெர்மிட்டுக்கும்தான் கட்டாயம். உனக்கு இருக்கிறதா, மனைவி பிள்ளைக்கும் சேர்த்தா என்று எழுத்தில் கேள். பதின்மூன்றாம் மாதச் சம்பளம் உண்டா என்றும் கேள். கூச்சப்படாதே. சம்பளத்தை ஒருமுறை ஏற்றியவர்கள்தானே.

மாம்பலம்_கொசு:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். வீட்டில் பெரிய பேச்சுவார்த்தை நடந்தது.

நிறுவனத்திடம் கேட்டேன். பள்ளிக் கட்டணத்துக்கு உதவி இல்லை. பதின்மூன்றாம் மாதச் சம்பளம் உண்டு. மூன்று பேருக்கும் காப்பீடு உண்டு. முதல் மாதம் தங்க இடம் தருகிறார்கள்.

மனைவி வங்கி வேலையை விடவில்லை. முதலில் நான் மட்டும் வருகிறேன், ஓர் அறை எடுத்துக்கொள்கிறேன். சமையற்கட்டு அக்கா எழுதியதைப் படித்த நாளிலிருந்து அவளே சிங்கப்பூர் வங்கிகளுக்கு விண்ணப்பம் போட ஆரம்பித்துவிட்டாள். ‘எனக்கென்று தனிப் பாஸ் கிடைத்தால் வருகிறேன், இல்லாவிட்டால் அடுத்த வருடம் நீங்கள் திரும்பி வாருங்கள்’ என்கிறாள். தனியாக இருந்தால் மாதம் ஆறாயிரம் வெள்ளிக்கு மேல் மிஞ்சும், முதல் முறையாக அப்பாவின் பெருக்கல் சரியாக வருகிறது. பாப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. விமான நிலையம் என்றதும் தானும் வருவதாக நினைத்துப் பையில் பொம்மையை எடுத்து வைத்திருக்கிறாள்.

கோப்பி_ஓ:

வந்ததும் சொல்லுங்கள் அண்ணே. முதல் கோப்பி என் கணக்கு.

சமையற்கட்டு:

தங்கையின் துறையில் ஆள் எடுக்கிறார்களா என்று எனக்குத் தெரிந்த இரண்டு பேரிடம் கேட்டிருக்கிறேன். தனிச்செய்தியில் அனுப்புகிறேன், அவளிடம் கொடுங்கள். உங்களிடம் இல்லை, அவளிடம்.

யீஷூன்_அண்ணாச்சி:

தம்பி, அறை எடுக்கும்போது சமையல் உண்டா என்று கேட்டுவிட்டு எடு. முருங்கைக்காய், கத்திரிக்காய், புளி, பொன்னி அரிசி எல்லாம் தேக்காவில் கிடைக்கும், பெட்டியை அதனால் நிரப்பாதே. உங்கள் வீட்டுக் குக்கரைத்தான் கொண்டுவரப் போகிறாய் என்றால் கேஸ்கட் மட்டும் இரண்டு கூடுதலாக வாங்கி வை. நம்மூர்க் குக்கருக்கு அளவு பார்த்து வாங்க நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க சிராங்கூன் சாலையில் அலைந்திருக்கிறேன்.